‘போதும்’ என்று சொல்லும் தசை
(ஒரு பொதுச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)



காது கேளாமல் பிறந்த ஒரு குழந்தைக்குக் காக்ளியர் இம்ப்ளாண்ட் அறுவைச் சிகிச்சை நடந்தேறி, தையல் ஆறி, குடும்பத்தார் ஊர் திரும்பியதும், கண்டம் தாண்டியாயிற்று, இனிக் குழந்தை பேச வேண்டியதுதான் பாக்கி என்று உற்றாரும் சுற்றத்தாரும் எண்ணிக் கொள்ளுகிறார்கள். அந்த எண்ணம் இயல்பானதே. ஆயினும் அதில் பாதிதான் உண்மை. சர்ஜன் உள்ளே பொருத்திய கருவி, மூன்று நான்கு வாரங்கள் சென்று வெளிக்கருவியை மாட்டி இயக்கி வைக்கிற நாள் வரையில் சும்மாவே கிடக்கிறது. இயக்கி வைத்த பிறகும், எந்த அளவு மின்சாரம் இந்தக் குழந்தையின் நரம்புக்குப் போதும், எந்த அளவு மிகுதி என்பதை ஒவ்வொரு மின்முனைக்கும் தனித்தனியே அளந்து அமைக்காவிட்டால், லட்சக்கணக்கில் விலை பெறும் அந்தச் சாதனம் குழந்தைக்கு உதவியாக இராமல் உபத்திரவமாக முடிந்துவிடுவதும் உண்டு. ஆஸ்பத்திரிகளில் ‘மேப்பிங்’ என்று எல்லோரும் சொல்லுகிற அந்தக் காரியத்தைப் பற்றியும், அதிலே நடுச்செவியில் உள்ள மிகச் சிறிய தசை ஒன்று நமக்குச் செய்யக்கூடிய பேருபகாரத்தைப் பற்றியும் இன்று உங்களோடு பேச விரும்புகிறேன்.

இயற்கையில் கேள்வி என்பது எப்படி நிகழ்கிறது என்பதை முதலில் சுருக்கமாகப் பார்த்துவிடுவோம். ஓசையால் அதிர்கிற செவிப்பறை, தன்னோடு ஒட்டிய சுத்தி எலும்பை அசைக்க, சுத்தி பட்டடை எலும்பை அசைக்க, பட்டடை அங்கவடி எலும்பை அசைக்க, அங்கவடியின் பாதம் உட்செவியின் ஜன்னலில் முன்னும் பின்னும் இயங்கி, இரண்டரைச் சுற்றாகச் சுருண்டிருக்கும் காக்ளியாவுக்குள் நிறைந்த திரவத்தில் அலையை எழுப்புகிறது. அந்த அலையை மின்குறிப்பாக மாற்றி நரம்புக்குக் கொடுப்பவை, அங்கே வரிசையாக அமர்ந்திருக்கும் 3,500 அளவிலான உள் உரோமச் செல்கள். வாங்கிக் கொண்டு மூளைக்குப் போவது சுமார் 30,000 இழைகள் கொண்ட செவி நரம்பு. பிறவியிலேயே செவிப்புலன் அற்ற குழந்தைகளில் பெரும்பாலோருக்குக் கெட்டுப் போயிருப்பது அந்த உரோமச் செல்களே; நரம்பு அநேகமாக உயிரோடிருக்கிறது. ஆதலால், செத்த செல்களைத் தாண்டி நரம்பையே நேராக மின்சாரத்தால் தூண்டினால் என்ன என்ற யோசனை பிறந்தது.

அந்த யோசனையின் சரித்திரம் நீண்டது. 1957-ஆம் ஆண்டு பாரிஸ் நகரத்தில் ஜூர்னோ, ஏரியெஸ் என்ற இருவர், முற்றும் செவிடாகிவிட்ட ஒருவரின் செவி நரம்பை மின்சாரத்தால் தூண்டி ஓசையுணர்வை உண்டாக்கினார்கள். லாஸ் ஏஞ்சலிஸில் வில்லியம் ஹவுஸ் 1961-இல் தம் முதல் முயற்சிகளைத் தொடங்கினார். பல மின்முனைகள் கொண்ட கருவிகளை, வியன்னாவில் ஹோக்மைர் தம்பதியர் 1977-இலும், மெல்போர்னில் கிரேயம் கிளார்க் 1978-இலும் மனிதர் காதில் நிலைநாட்டினார்கள். ஓசையை அம்முனைகளுக்குப் பகுத்துத் தரும் சிறந்த உபாயத்தை அமெரிக்காவில் பிளேக் வில்சன் 1991-இல் வெளியிட்டார். இன்று கம்பெனிக்குக் கம்பெனி 12, 16, 22 என்று முனைகளின் எண்ணிக்கை மாறுகிறதேயன்றி, அடிப்படைத் தத்துவம் ஒன்றே.

நிற்க. இயற்கையான காதுக்கு, கேட்கத் தொடங்கும் மிக மெல்லிய ஓசைக்கும் வலியுண்டாக்கும் பேரோசைக்கும் இடையே 120 டெசிபல் அளவுக்கு விசாலமான இடைவெளி இருக்கிறது. மின்சாரத்தால் தூண்டப்படும் நரம்புக்கோ, ‘ஏதோ கேட்கிறது’ என்ற நிலைக்கும் ‘தாங்க முடியவில்லை’ என்ற நிலைக்கும் இடையே உள்ள தூரம் பெரும்பாலும் 10 அல்லது 20 டெசிபல்தான். உலகத்து ஓசைகள் அனைத்தையும், தாயின் தாலாட்டு முதல் பஸ் ஹாரன் வரையில், அந்தக் குறுகிய சந்துக்குள் அடக்கியாக வேண்டும். சந்தின் அடிமட்டத்தை ‘டி லெவல்’ என்றும், மேல்மட்டத்தைக் கம்பெனியைப் பொறுத்து ‘சி லெவல்’, ‘எம் லெவல்’ என்றும், கேள்வியை அளக்கும் நிபுணர்களான ஆடியாலஜிஸ்டுகள் சொல்லுவார்கள். இவ்விரண்டில் மேல்மட்டமே அதிக பாரமானது என்பது என் துணிபு. சில கருவிகளில் அடிமட்டத்தை மேல்மட்டத்தின் ஒரு சிறு பங்காகத் தானாகவே கணக்கிட்டுக் கொள்ளலாம். மேல்மட்டத்தை அப்படி எதிலிருந்தும் கணக்கிட முடியாது. பேச்சின் ஓசைகள் மேற்பாதியிலேயே பெரிதும் வந்து விழுகின்றன. ஆகவே மேல்மட்டம் தாழ்ந்துவிட்டால் ‘ச’, ‘ப’, ‘த’ போன்ற மெல்லிய மெய்யொலிகள் குழந்தைக்கு எட்டாமலே போகும். உயர்ந்துவிட்டாலோ, குழந்தை திடுக்கிட்டுக் கண்ணை இறுக மூடிக் கொள்ளும், அழும், கடைசியில் தலையில் ஒட்டியிருக்கும் ‘காயில்’ என்ற வெளிப்பகுதியைப் பிய்த்தெறிந்து, மறுநாள் அதைக் கண்டாலே ஓடும்.

பெரியவர்களிடம் இந்த மேல்மட்டத்தை அறிவது எளிது. ஒவ்வொரு முனையிலும் மின்சாரத்தைச் சிறிது சிறிதாக ஏற்றிக் கொண்டே, ‘இப்போது எப்படி இருக்கிறது? பலமாக, ஆனால் சுகமாக இருக்கிறதா?’ என்று கேட்டால், அவர்கள் அட்டையில் உள்ள வரிசையைச் சுட்டிக் காட்டி விடை கூறுவார்கள். இரண்டு வயதுக் குழந்தையிடம் எதைக் கேட்பது? ஓசை என்ற ஒன்று உலகில் உண்டென்பதையே அறியாமல் வளர்ந்தவன் அவன். ‘மெதுவாக’, ‘பலமாக’, ‘போதும்’ என்ற சொற்களும் அவனிடம் இல்லை, அச்சொற்கள் குறிக்கிற அனுபவமும் அவனிடம் இல்லை. எனவே நெடுங்காலமாக நாங்கள் செய்து வந்தது முகத்தைப் பார்த்து ஊகிப்பதுதான். ஆட்டத்தை நிறுத்துகிறானா, கண்ணை அகல விரிக்கிறானா, தாயின் முந்தானையைப் பற்றுகிறானா என்று பார்த்துக் கொண்டே ஏற்றுவோம். கூர்ந்து பார்க்கத் தெரிந்தவர்கள் இதில் அற்புதமாக வேலை செய்கிறார்கள் என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால், குழந்தை தன் அசௌகரியத்தை நமக்குத் தெரியும்படி காட்டுகிற கணத்தில், அது அசௌகரியத்தை அனுபவித்துவிட்டது அல்லவா? அழுகையை அளவுகோலாக வைத்துக் கொள்ளுகிற சிகிச்சை, எவ்வளவு நல்ல மனத்தோடு செய்யப்பட்டாலும், குழந்தைக்கு நியாயம் செய்ததாகாது. ‘சார், இவன் அழாம எப்படி சார் தெரியும்? போன தடவை அழுதப்புறம்தானே குறைச்சாங்க?’ என்று ஒரு தாய் என்னைக் கேட்ட கேள்வி, இந்தத் துறையில் இருக்கிற ஒவ்வொருவரும் தம்மைக் கேட்டுக் கொள்ள வேண்டிய கேள்வி.

அழாமலும் தெரிந்து கொள்ளலாம். அதற்கு வழிதான் ஸ்டபீடியஸ் என்ற அந்தத் தசை.

மனித சரீரத்தில் எலும்பை அசைக்கும் தசைகளில் இதுவே மிகச் சிறியது. நீளம் சுமார் 6 மில்லிமீட்டர், ஒரு நெல்லின் நீளம்கூடத் தேறாது. நடுச்செவியின் பின்சுவரிலுள்ள எலும்புக் குழிக்குள் பதுங்கியிருந்து, தன் நுண்ணிய நாணை மட்டும் வெளியே நீட்டி, அங்கவடி எலும்பின் கழுத்தைப் பிடித்துக் கொண்டிருக்கிறது. பலத்த ஓசை கேட்டால் இத்தசை சுருங்கி அங்கவடியைப் பக்கவாட்டில் இழுக்க, எலும்புச் சங்கிலி முழுவதும் விறைத்து, உட்செவிக்குச் செல்லும் அதிர்வு, முக்கியமாகக் கனத்த ஓசைகளின் அதிர்வு, குறைந்து விடுகிறது. நாம் வாய் திறந்து பேசுவதற்குச் சற்று முன்னதாகவே, நம் சொந்தக் குரல் நம்மையே செவிடாக்காதபடி இத்தசை சுருங்கிக் கொள்ளுகிறது என்பதை எண்ணும்போதெல்லாம் எனக்கு வியப்புத் தீருவதில்லை. இச்செயலுக்கு நம் சித்தம் தேவையில்லை; ‘ஸ்டபீடியல் ரிஃப்ளெக்ஸ்’ என்னும் அனிச்சைச் செயல் இது. ஓசையின் செய்தி செவி நரம்பின் வழியாக மூளைத் தண்டை அடைந்து, அங்கேயே திரும்பி, முக நரம்பின் கிளை வழியாகத் தசையை வந்து சேருகிறது. பெருமூளையின் அனுமதியை அது கேட்பதில்லை. தூங்கும் குழந்தைக்கும் இது நிகழும். மொழி அறியாத குழந்தைக்கும் நிகழும். இன்னும் ஒரு விசேஷம்: ஒரு காதில் மட்டும் ஓசை விழுந்தாலும் இரண்டு காதுகளின் தசைகளும் ஒருங்கே சுருங்குகின்றன. இந்த விசேஷத்தை மனத்தில் வைத்துக் கொள்ளுங்கள், பின்னால் பயன்படும்.

ஒளிந்திருக்கிற இத்தசையின் அசைவை வெளியிலிருந்து காண்பது எப்படி? 1929-இல் லூஷர் என்ற வைத்தியர், செவிப்பறையில் துவாரம் விழுந்திருந்த ஒருவரின் காதுக்குள் பார்த்து, ஓசைக்கு ஏற்ப ஸ்டபீடியஸ் சுருங்குவதை நேரிற் கண்டு பதிவு செய்தார். எல்லோருடைய செவிப்பறையிலும் துவாரம் இராதே! 1946-இல் டென்மார்க் தேசத்து ஆட்டோ மெட்ஸ், செவிப்பறை ஓசையை எவ்வளவு உள்வாங்குகிறது, எவ்வளவு திருப்பி அனுப்புகிறது என்பதை அளந்தே நடுச்செவியின் நிலையை அறியலாம் என்று காட்டினார். தசை சுருங்கினால் சங்கிலி விறைக்கிறது. விறைத்த சங்கிலி ஓசையைக் குறைவாக ஏற்றுக் கொண்டு அதிகமாகத் திருப்பி அனுப்புகிறது. திரும்பி வருகிற மிகுதியைக் காதுக் குழாயில் வைத்த சிறு மைக்ரோபோன் கண்டு கொள்ளுகிறது. அவ்வளவுதான் சூட்சுமம். பிறகு டெர்கில்ட்சன் முதலிய டேனிஷ் அறிஞர்களின் கையில் இது ஒரு மேஜைக் கருவியாக உருவாகி, 1970-இல் அமெரிக்காவின் ஜேம்ஸ் ஜெர்கர் எழுதிய ஆராய்ச்சிக்குப் பிறகு உலகத்துக் காது பரிசோதனைக் கூடங்களிலெல்லாம் இடம் பிடித்தது. இம்பீடன்ஸ் மெஷின் என்று நம்மூரில் சொல்லுகிறோமே, காதில் ரப்பர் முனையைச் செருகிக் காற்றழுத்தத்தை ஏற்றியிறக்கிக் காகிதத்தில் மலை போன்ற கோடு போட்டுத் தருகிறதே, அதுவேதான்.

அதே ஜெர்கர், ஹூஸ்டன் நகரில் தம் சகாக்களோடு சேர்ந்து, 1986-இல் ஒரு புதிய கேள்வியைக் கேட்டார்: இம்ப்ளாண்ட் வைத்தவருக்கு ஓசைக்குப் பதிலாக மின்சாரத்தைக் கொடுத்தாலும் தசை சுருங்குமா? சுருங்கிற்று. உரோமச் செல்கள் செத்திருந்தால் என்ன, அனிச்சையின் பாதை நரம்பிலிருந்து தொடங்கி முழுமையாகவே இருக்கிறது. 1988-இல் அவரும், ஆஸ்திரியாவின் இன்ஸ்புரூக் நகரத்தில் ஸ்டீஃபன் முதலியோரும் அடுத்த படிக்கு ஏறினார்கள். தசை சுருங்கத் தொடங்குகிற மின்னளவுக்கும், நோயாளி ‘பலமாக, ஆனால் சுகமாக இருக்கிறது’ என்று வாயால் சொல்லுகிற மின்னளவுக்கும் உள்ள உறவை ஆராய்ந்தார்கள். 1994-இல் ஸ்பிவாக், சூட் என்ற இருவர் குழந்தைகளையும் பெரியவர்களையும் சேர்த்து ஆராய்ந்தார்கள். 1997-இல் மயாமியில் ஹாட்ஜஸ் குழுவினர் இன்னும் விரிவாக ஆராய்ந்தார்கள். சிலரிடம் இவ்விரு அளவுகளும் விலகி நிற்கின்றன. ஆனால் பெரும்பாலோரிடம் இரண்டும் மிக நெருங்கியே நடக்கின்றன.

இந்த நெருக்கம் தற்செயலானதன்று. இயற்கையாகக் கேட்கும் காதில் இத்தசை சுருங்கத் தொடங்குவது 70 முதல் 100 டெசிபலுக்குள், பெரும்பாலும் 85-ஐ ஒட்டி. அந்த ஓசை காதுக்குப் பலமானது. ஆனால் தாங்க முடியாததன்று. மேல்மட்டத்தை எங்கே வைக்க வேண்டும் என்று நாம் தேடுகிறோமோ, அதே இடத்தில் இயற்கை தானாகவே ஒரு காவலை நிறுத்தி வைத்திருக்கிறது.

‘நரம்பின் விடையைக் கருவியே பதிவு செய்து காட்டும் டெலிமெட்ரி இருக்கிறதே, அது போதாதா?’ என்று இத்துறையில் பழகியவர்கள் கேட்கலாம். டெலிமெட்ரி அருமையான சாதனம். கருவி வேலை செய்கிறதா, நரம்பு விடை தருகிறதா என்பதற்கு அதைவிடச் சிறந்த பிரமாணம் வேறில்லை. ஆனால் நரம்பு விடை தரத் தொடங்குகிற அளவு, ஒருவருக்கு அடிமட்டத்தை ஒட்டியிருக்கும், இன்னொருவருக்கு நடுவில் இருக்கும், மூன்றாமவருக்கு மேல்மட்டத்தையே தாண்டியிருக்கும். அதைக் கொண்டு ஒரு முனைக்கும் மறுமுனைக்கும் உள்ள ஏற்றத்தாழ்வின் வடிவத்தை அறியலாமே தவிர, மேல்மட்டத்தை நிர்ணயிப்பது நியாயமன்று. அதற்குத் தசையின் சாட்சியமே மேல் என்று நான் உறுதியாகக் கருதுகிறேன்.

சரி, பரிசோதனை எப்படி நடக்கிறது? ஓர் அறையைச் சற்றே கிட்டத்தில் பார்ப்போம். குழந்தை தாயின் மடியில் உட்கார்ந்திருக்கிறது. எதிரே ஒரு டேப்லெட்டில் சத்தமில்லாத கார்ட்டூன் ஓடுகிறது. இம்ப்ளாண்ட் வலது காதில் என்றால், இம்பீடன்ஸ் மெஷினின் ரப்பர் முனையை இடது காதில் செருகுகிறோம். இரு காதுத் தசைகளும் ஒருங்கே சுருங்கும் என்றேனே, அது இங்கேதான் கைகொடுக்கிறது. முதலில் நடுச்செவியின் அழுத்தத்தைப் பார்த்து, மலையின் உச்சி எங்கே வருகிறதோ அங்கே காற்றழுத்தத்தை நிறுத்துகிறோம். பிறகு மெஷினைப் பல விநாடிகள் தொடர்ந்து பதிவு செய்கிற முறையில் வைத்து, அதன் சொந்த ஓசைத் தூண்டலை அடக்கிவிடுகிறோம். தூண்டுவது இனி இம்ப்ளாண்டின் கம்ப்யூட்டர். திரையில் ஒரு கோடு சமமாக ஓடிக் கொண்டிருக்கிறது. ஒரு முனையைத் தேர்ந்து, அரை விநாடிக்கும் குறைவான மின்துடிப்புத் தொகுதி ஒன்றைத் தாழ்ந்த அளவில் அனுப்புகிறோம், கோடு அசையவில்லை. ஒரு படி ஏற்றுகிறோம், அசையவில்லை. இன்னும் ஒரு படி. இன்னும் ஒன்று. குழந்தை கார்ட்டூனைப் பார்த்துக் கொண்டேயிருக்கிறது. திடீரென்று, துடிப்பு சென்ற அதே தருணத்தில், கோட்டில் ஒரு சிறு பள்ளம் விழுகிறது. துடிப்பு நின்றதும் கோடு பழைய இடத்துக்குத் திரும்புகிறது. மறுபடி அனுப்பினால் மறுபடி பள்ளம். ஒரு படி ஏற்றினால் பள்ளம் ஆழமாகிறது. இறக்கினால் மெலிந்து மறைகிறது. ஏற்றியும் இறக்கியும் பார்த்து, தவறாமல் பள்ளம் விழுகிற மிகத் தாழ்ந்த அளவைக் குறித்துக் கொள்ளுகிறோம். அதுதான் அந்த முனைக்குத் தசை சொன்ன விடை.

இதற்குள் எத்தனை சில்லறை இடைஞ்சல்கள்! குழந்தை எச்சில் விழுங்கினால் கோடு குதிக்கும்; தும்மினால் தாறுமாறாகும்; தாய் சிரித்தால் மடி குலுங்கி, அதுவும் கோட்டில் தெரியும். பரிசோதனையின்போது வெளிக்கருவியின் மைக்ரோபோன் அடைக்கப்பட்டிருப்பதால், ‘அசையாம பாருடா கண்ணு’ என்று தாய் சொல்லுவது குழந்தைக்குக் கேட்கவே கேட்காது; ஆயினும் எந்தத் தாயும் சொல்லாமல் இருந்ததில்லை. துடிப்போடு சேர்ந்து விழாத பள்ளம் எதையும் கணக்கில் எடுக்கக் கூடாது என்பதே இங்கே விதி. எல்லா முனைகளையும் சோதிக்கக் குழந்தை பொறுமை காட்டாவிட்டால், இடைவெளிவிட்டுச் சில முனைகளைச் சோதித்து நடுவில் உள்ளவற்றை நிரவிக் கொள்ளலாம்.

கிடைத்த எண்களை அப்படியே கருவியின் அளவுப் பட்டியலான ‘மேப்’பில் போட்டு மைக்ரோபோனைத் திறந்துவிடவும் கூடாது. முனைகளை ஒவ்வொன்றாகத் தூண்டியபோது கிடைத்த அளவு அது. பேச்சு வருகிறபோது பல முனைகள் அடுத்தடுத்து இயங்கி, ஓசையின் பலம் ஒன்றோடொன்று கூடும். ஆதலால் எல்லா மேல்மட்டங்களையும் ஒருசேரக் கீழே இறக்கி, மைக்ரோபோனைத் திறந்து, தாயைப் பேசவிட்டு, குழந்தையின் முகத்தைப் பார்த்துக் கொண்டே தசை சொன்ன அளவை நோக்கிப் படிப்படியாக ஏற்றுவதுதான் முறை. முதல் நாளிலேயே உச்சியைத் தொட்டுவிட வேண்டும் என்ற அவசரமும் வேண்டாம். முதற் சில மாதங்களில் அளவுகள் மாறிக் கொண்டேயிருந்து பிறகே நிலைப்படும்.

இப்பரிசோதனை எல்லோரிடமும் பலிக்கும் என்று நான் சொன்னால் அது பொய்யாகும். இம்ப்ளாண்ட் வைத்தவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் முதல் ஐந்தில் நான்கு பங்கினர் வரையில்தான் தசையின் அசைவை வெளியிலிருந்து பதிவு செய்ய முடிகிறது. மற்றவர்களிடம் முடியாமைக்குக் காரணங்கள் பல. சிறு குழந்தைகளுக்குச் சளி பிடித்தால் செவிப்பறைக்குப் பின்னால் நீர் கோத்துக் கொள்ளும். அப்போது தசை சுருங்கினாலும் செய்தி வெளியே வராது. செவிப்பறையில் துவாரமோ, நீரை வெளியேற்ற வைத்த கிராமெட் குழாயோ இருந்தால் பரிசோதனையே நடவாது. எலும்புச் சங்கிலி இறுகிப் போயிருக்கலாம்; முக நரம்பு வலுவிழந்திருக்கலாம். ஆகையால், தசையின் விடை கிடைக்கவில்லை என்பதற்காக, இம்ப்ளாண்ட் வேலை செய்யவில்லை என்றோ, குழந்தைக்குக் கேள்வி வராது என்றோ எந்தத் தாயும் தகப்பனும் மனம் உடைய வேண்டாம். அந்தக் காதின் கதவு சாத்தியிருக்கிறது என்பதற்கு மேல் அதற்குப் பொருள் இல்லை. சளி தீர்ந்த பிறகு மறுபடி பார்க்கலாம். மற்றொரு காதில் பார்க்கலாம். செவிப்பறையை அளக்க மெஷின் சாதாரணமாகப் பயன்படுத்துகிற 226 ஹெர்ட்ஸ் ஓசைக்குப் பதிலாக 678 அல்லது 1,000 ஹெர்ட்ஸ் ஓசையை வைத்து அளந்தால் விடை இன்னும் தெளிவாகவும், இன்னும் தாழ்ந்த அளவிலும் கிடைக்கிறது என்று 2017-இல் அமெரிக்காவின் ஓக்லஹோமாவில் வுல்ஃப் முதலியோர் வெளியிட்ட ஆராய்ச்சி காட்டியிருக்கிறது. நம்மிடமுள்ள மெஷின்கள் பலவற்றிலும் அந்த 1,000 ஹெர்ட்ஸ் பொத்தான், கைக்குழந்தைகளின் பரிசோதனைக்காக ஏற்கெனவே இருக்கிறது.

வேறு சிலரிடம், தசை சுருங்குவதற்கு முன்னதாகவே ஓசை அளவு மீறிவிடும். அவர்கள் மிகச் சிலரே. ஆயினும் அவர்களை முன்னிட்டாவது, அளக்கிறவரின் ஒரு கண் கோட்டின் மீதும் மற்றொரு கண் குழந்தையின் மீதும் இருந்தே தீர வேண்டும். இன்னோர் எச்சரிக்கை: ஆபரேஷன் மேஜையிலேயே இம்ப்ளாண்டைத் தூண்டி, மைக்ராஸ்கோப்பின் வழியாகத் தசையின் நாண் சுருங்குவதைச் சர்ஜன் நேரிற் காண்பது ஒரு நல்ல உறுதிப்பாடே. ஆனால் மயக்க மருந்தின் ஆவி தசையை மந்தமாக்குவதால் அங்கே கிடைக்கிற அளவு உயர்ந்தே நிற்கும். அதைப் பிற்பாடு மேப்பில் வைப்பது தவறு.

இப்பரிசோதனையால் குழந்தைகள் மட்டுமே பயனடைவார்கள் என்பதில்லை. நெடுங்காலம் மௌனத்தில் வாழ்ந்துவிட்டு இம்ப்ளாண்ட் வைத்துக் கொண்ட பெரியவர் எந்த ஓசையையும் ‘அதிகம்’ என்றே சொல்லுவார்; அறிவு வளர்ச்சி குன்றியவர்களும், நினைவு தப்பிய முதியோர்களும் எதையும் சொல்ல மாட்டார்கள். இவர்கள் எல்லோருக்கும் தசையின் சாட்சியம் உதவும்.

இவ்வளவு தெளிவான உபாயம், முப்பது ஆண்டுகளுக்கு மேலாக ஆராய்ச்சி நூல்களில் இருந்தும், பல மேப்பிங் அறைகளுக்குள் இன்னும் நுழையவில்லையே, ஏன்? விலை காரணமன்று, காது பரிசோதனை செய்கிற எந்த இடத்திலும் இம்பீடன்ஸ் மெஷின் இருக்கிறது, மூலையில் துணி மூடிக் கிடந்தாலும் இருக்கிறது. இம்ப்ளாண்டின் கம்ப்யூட்டர் ஒரு கம்பெனியுடையது, இம்பீடன்ஸ் மெஷின் இன்னொரு கம்பெனியுடையது. ஒன்றோடொன்று பேசாத இரண்டையும் ஒரே கையால் இயக்கப் பழக வேண்டியிருக்கிறது. வெளியே வரிசையில் மற்றக் குழந்தைகள் காத்திருக்கும்போது, ஒரு குழந்தைக்கு இன்னும் கொஞ்சம் நேரம் ஒதுக்க வேண்டியிருக்கிறது. கல்லூரியில் ஒரு வகுப்பில் கேட்டதோடு சரி, கையால் செய்து பார்த்தவர்கள் குறைவாயிருக்கிறார்கள். இவை அனைத்தும் மனம் வைத்தால் தீருகிற குறைகளே.

நம்முடைய மாநிலத்தில் அரசாங்கத்தின் காப்பீட்டுத் திட்டத்தின் மூலமாகவே ஏழைக் குடும்பத்துக் குழந்தைகளுக்கு இந்த அறுவைச் சிகிச்சையும் அதற்குப் பின்னான பேச்சுப் பயிற்சியும் கிடைக்கின்றன. அக்குழந்தைகளில் பலர், ஒருநாள் கூலியை விட்டுவிட்டு, விடியற்காலைப் பஸ்ஸில் ஏறி, மேப்பிங்குக்காக நகரத்துக்கு வருகிறவர்களின் குழந்தைகள். மேல்மட்டம் பிசகிப் போனால் அது தெரிய வருவது அடுத்த வருகையில்தான். அதற்குள் மாதங்கள் கழிந்துவிடும். மூளை கேள்வியைக் கற்றுக் கொள்ளுவதற்குச் சிறந்த காலம் மூன்றரை வயதுக்குள் முடிந்துவிடுகிறது என்று ஆராய்ச்சிகள் காட்டியிருக்கின்றன. அப்படிப்பட்ட காலத்தில் மாதக்கணக்கை இழப்பது சிறிய நஷ்டமன்று. என் துறையைச் சேர்ந்த இளைஞர்களுக்கு நான் சொல்லுவது இதுதான்: உங்கள் அறையில் இருக்கிற மெஷினை மேப்பிங் மேஜைக்கு அருகில் நகர்த்தி வையுங்கள், முதலில் ஒத்துழைக்கிற பெரியவர்களிடம் பழகுங்கள், அவர்கள் வாயால் சொல்லுவதையும் தசை சொல்லுவதையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள், நம்பிக்கை வந்த பிறகு குழந்தைகளிடம் செல்லுங்கள்.

தாய்மார்களுக்கும் ஒரு வார்த்தை. அடுத்த முறை மேப்பிங்குக்குப் போகும்போது, ‘குழந்தைக்கு ஸ்டபீடியல் ரிஃப்ளெக்ஸ் பார்த்தீர்களா?’ என்று தயங்காமல் கேளுங்கள். பார்த்திருந்தால், அந்த எண்களைக் குழந்தையின் நோட்டில் எழுதி வாங்கி வைத்துக் கொள்ளுங்கள். வேறு ஊருக்கோ வேறு ஆஸ்பத்திரிக்கோ போனாலும் அவை உதவும். குழந்தைக்கு அன்று சளி பிடித்திருந்தால், அதையும் உள்ளே நுழைந்தவுடனேயே சொல்லிவிடுங்கள்.